பிடரிக்கு எடுத்த அளவு

அன்று காலை எங்கள் வைத்தியசாலையின் உள்ளறையில் இருந்தவர்கள் நான்கு பேர். ஊசி போட்ட என் தம்பி. நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை, அதாவது என் தங்கையின் கணவர். அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்த என் தங்கை. கதவோரம் சுவரில் சாயாமல் உட்கார்ந்திருந்த நான். வெளியறையில் இரண்டு பேர்: தங்கையின் மகன், தோள்வலிக்காக முறை வைத்துக் காத்திருந்த தையல்கார அம்மாள். நடுவில் கெட்டியான திரை. அந்தப் பக்கம் இருந்த இருவரும் சத்தத்தைக் கேட்டார்கள், எதையும் பார்க்கவில்லை. வேறு யாரும் அங்கே இல்லை. நேரில் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் அத்தனை பேரும் அன்று அவரவர் வீட்டில் இருந்தவர்கள்.

எங்கள் வீடு ஊசி வைத்திய வீடு, அக்குபங்சர் என்கிறார்களே, அது. அப்பா ஒரு சீன வைத்தியரிடம் பல வருடம் எடுபிடியாக இருந்து கற்றுக்கொண்டு வந்த வித்தை. அவருக்குப் பிறகு நான் செய்தேன். என் கையில் நடுக்கம் வந்ததும் ஊசியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, தினமும் வந்து கதவோரம் உட்காருவதை மட்டும் வைத்துக்கொண்டேன். எங்கள் படியில் தூக்கிவந்து இறக்கப்பட்டவர்கள் நடந்து வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். இதைச் சொன்னால் பெருமையடிப்பதாகத் தோன்றும். பெருமைதான், பொய் இல்லை.

மாப்பிள்ளை இரும்புப் பட்டறைக்காரர். வாசல் கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி என்று இந்தப் பக்கத்தில் பாதி வீடுகளுக்கு அவர் அடித்ததுதான். பட்டறையில் சுத்தியல் சத்தத்தை மிஞ்சியது அவர் வாய். யாரையும் விடமாட்டார். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "என்ன மச்சான், நான் அடிச்ச கம்பி ஒண்ணை உங்க முதுகுல வச்சுத் தச்சுட்டாங்களா? கொஞ்சம் வளைஞ்சுதான் உட்காருங்களேன்" என்பார். எனக்கு அது பிடிக்காது. பிடிக்காது என்று அவருக்குத் தெரியும், அதற்காகவே சொல்வார்.

அப்படிப்பட்டவருக்கு மூளையில் அடைப்பு வந்து பேச்சு நின்றுபோனது. வலது காலும் கையும் சற்றுத் தேறிவிட்டன. தடி ஊன்றி நடந்தார். பேச்சு மட்டும் வரவில்லை. "ம்" என்ற ஒரு சத்தத்தைத் தவிர வாயிலிருந்து எதுவும் வராது. ஆஸ்பத்திரியில் படம் போட்ட அட்டைகளைக் கொடுத்து, தினமும் காட்டிச் சொல்லிச் சொல்லிப் பழக்கச் சொன்னார்கள். தங்கை பூனைப் படத்தைக் காட்டுவாள். அவர் அட்டையை வாங்கித் தரையில் எறிவார். சாப்பாடு இறங்காமல் உடம்பு பாதியாகிவிட்டது. சட்டைக் கழுத்துப்பட்டைக்குள் கழுத்து தனியாக ஆடியது.

ஒருநாள் தங்கை வந்து என் முன்னால் நின்றாள். "அண்ணே, வீட்ல சத்தமே இல்ல. அவர் என்னைத் திட்டினாக்கூடப் போதும். நம்ம வீட்டுலயே வைத்தியம் இருக்கும்போது நான் ஏன் பூனைப் படம் காட்டிக்கிட்டு உட்காரணும்?"

அவள் கேட்டது நியாயம். தம்பியும் செய்யலாம் என்றான்.

பிடரியின் நடுவில், முடி தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே, விரலை வைத்தால் ஒரு பள்ளம் அகப்படும். அந்தப் புள்ளிக்குச் சீனத்தில் யாமென் என்று பெயர். ஊமையின் வாசல் என்று அப்பா அதற்கு அர்த்தம் சொல்வார். பேச்சு நின்றவர்களுக்கு அங்கே ஊசி போடுவது பழைய முறை. கை தவறவே கூடாத இடமும் அதுதான். ஊசிமுனை மோவாயைப் பார்த்துப் போக வேண்டும், மேல்நோக்கிப் போகக்கூடாது. ஆழம் கூடினால், அந்தப் பக்கம் தண்டுவடம்.

ஆழத்தைக் கண்ணால் மதிப்பிடும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. ஒவ்வோர் உடம்புக்கும் அளவுகோல் அந்த உடம்பிலேயே இருக்கிறது என்பது இந்த வைத்தியத்தின் அடிப்படை. நோயாளியின் கட்டைவிரல் அகலம் ஓர் அளவு. குழந்தைக்குக் குழந்தையின் விரல், பயில்வானுக்குப் பயில்வானின் விரல். மற்ற வைத்தியர்கள் விரலைத் தொட்டுப் பார்த்துத் தோராயமாக வைத்துக்கொள்வார்கள். அப்பா அதோடு விடவில்லை. ஆணுக்கு இடது கட்டைவிரல், பெண்ணுக்கு வலது. கணுவின் மேல் காகிதத்தை வைத்து, அதன் அகலத்துக்குச் சரியாகக் கத்தரிப்பார். பிடரிக்கு அதில் பாதி. துண்டை இரண்டாக மடித்து, முனையிலிருந்து அந்த நீளம் விட்டு ஊசியில் ஒரு சின்ன ரப்பர் வளையத்தை ஏற்றுவார். வளையம் தோலைத் தொடும்வரை ஊசி போக வேண்டும், தொட்டதும் நிற்க வேண்டும். வளையம் தொடுவதற்கு முன்னால் நிறுத்துகிறவன் பயந்தவன், அவன் கையில் ஊசி கொடுக்கக்கூடாது என்பார். நானும் தம்பியும் அந்த வளையத்தை நம்பி வளர்ந்தவர்கள்.

தம்பி கத்தரியும் காகிதமுமாக வந்து நின்றான்.

"மச்சான், விரலை நீட்டுங்க. மோதிரம் போடப்போறதில்ல, பயப்படாதீங்க."

மாப்பிள்ளை சத்தமில்லாமல் சிரித்து இடது கட்டைவிரலை நிமிர்த்திக் காட்டினார். தம்பி அளந்து, கத்தரித்து, மடித்தான். முறையில் ஒரு குறையும் இல்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"வலிக்குமாடா?" என்றாள் தங்கை.

"உன் சமையலை இத்தனை வருஷம் தாங்கினவரு அக்கா. இதெல்லாம் அவருக்கு ஒண்ணுமே இல்ல."

"பேச்சு மட்டும் வரட்டும். ரெண்டு பேருமாச் சேர்ந்து உன்னைக் கவனிச்சுக்கறோம்."

மாப்பிள்ளை தலையைக் குனிந்தார். தம்பி பிடரியைத் துடைத்து, பள்ளத்தை விரலால் தேடி, ஊசியை வைத்தான். மெதுவாகப் போனது. பாதியில் அவன் கை ஒரு கணம் நின்றது. வளையத்துக்கும் தோலுக்கும் நடுவே இன்னும் இடைவெளி இருந்தது. அவன் மாப்பிள்ளையின் கழுத்தைப் பார்த்தான், வளையத்தைப் பார்த்தான். பிறகு வளையம் தோலைத் தொடும்வரை தள்ளினான்.

மாப்பிள்ளை கத்தினார். பட்டறையில் கூப்பிடுவாரே, அதே குரல், முழுக்குரல்.

தங்கை எழுந்துவிட்டாள். "சத்தம் வந்துருச்சு! அண்ணே, சத்தம் வந்துருச்சு!"

திரைக்கு அந்தப் பக்கம் தையல்கார அம்மாள், "அட, பேசிட்டாரா?" என்று கேட்டதும், தங்கையின் மகன், "அப்பா!" என்று கூப்பிட்டுச் சிரித்ததும் எனக்குக் கேட்டன.

தம்பி அதற்குள் ஊசியை வெளியே எடுத்திருந்தான். மாப்பிள்ளை இரண்டாவது சத்தம் போடவில்லை. தங்கையின் கைக்குள் இருந்த அவர் கைகள் ஒன்றன்பின் ஒன்றாக நழுவித் தொடைமேல் விழுந்தன. அவள் எடுத்து மறுபடி பிடித்தாள். மறுபடி நழுவின. பிறகு கால்கள் முன்னால் சறுக்கி, ஆளே நாற்காலியிலிருந்து வழிந்தார்.

தங்கையின் மகன் லாரி மெக்கானிக், பலசாலி. அப்பாவைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கித் தன் வேனில் கிடத்தினான். பின்னால் முழுக்க ஸ்பானரும் ஜாக்கியும். தங்கையும் தம்பியும் நெருக்கி உட்கார்ந்தார்கள். எனக்கு இடமில்லை. நான் கதவைப் பூட்டிவிட்டுப் பின்னால் வருவதாகச் சொன்னேன்.

தையல்கார அம்மாள் இன்னும் பெஞ்சில் இருந்தாள். "ஐயா, அப்ப என் தோளு?"

"இன்னிக்கு இல்லம்மா. வீட்டுக்குப் போங்க."

"நல்லாத்தானே கத்தினாரு. பேச்சு வர்ற மயக்கமா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடினாள்.

உள்ளறையில் ஊசித் தட்டை எடுத்துவைக்கப் போனபோது காகிதத் துண்டு கண்ணில் பட்டது. மடிப்பைப் பிரித்தேன். எதற்கென்று யோசிக்காமல் என் கட்டைவிரல் கணுவின்மேல் வைத்தேன். துண்டு இரண்டு பக்கமும் விரலைத் தாண்டி வெளியே நின்றது. நான் மாப்பிள்ளையைவிட ஒரு தலை உயரம். அகலமும் அதிகம். என் விரல் அவர் விரலைவிடச் சிறியதாக இருக்க வழியில்லை.

இருந்தது. இரும்பைப் பிடிப்பது இடது கை. தவறின அடியெல்லாம் விழுவது அந்தக் கட்டைவிரல்மேல். பையனாகப் பட்டறைக்குப் போன நாளிலிருந்து அடிபட்டு, வீங்கி, காய்த்து, கணு தட்டையாகப் பரந்துபோன விரல். அந்த விரலை வைத்து நாங்கள் அளவெடுத்திருக்கிறோம். உடம்பு இளைத்தபோது கழுத்தில் சதை போயிற்று. விரலில் குறைய ஒன்றும் இல்லை. அப்பாவின் முறை விரல் உடம்போடு வளர்ந்தது என்று எடுத்துக்கொள்கிறது. அந்த விரல் சுத்தியலால் வளர்ந்தது.

ஊசியை வளையத்தோடு அந்தக் காகிதத்திலேயே சுற்றிச் சட்டைப்பையில் வைத்தேன். கதவைப் பூட்டினேனா என்று நினைவில்லை. வாடகைக் கார் ஒன்றைக் கைகாட்டி நிறுத்தினேன்.

ஆஸ்பத்திரி நடையில் குடிதண்ணீர்க் குழாய்க்கு அருகில் தம்பி நின்றிருந்தான். பக்கத்து பெஞ்சில் தங்கை. அவள் மகன் மருந்து வாங்கக் கீழே போயிருந்தான்.

"என்ன சொல்றாங்க?" என்றேன்.

"மறுபடி அடைப்போன்னு தலையை ஸ்கேன் எடுத்தாங்கண்ணே. புதுசா ஒண்ணும் இல்லையாம். கையும் காலும் ஏன் போச்சுன்னு அவங்களுக்கே புரியல. பார்த்துக்கிட்டு இருக்காங்க."

"நீ என்ன சொன்னே?"

அவன் குழாயைப் பார்த்தான். "ஊசி வைத்தியம் நடந்துச்சுன்னு சொன்னேன்."

"எங்க போட்டேன்னு சொன்னே?"

"கால்லன்னு சொன்னேன்."

தங்கை எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். "அண்ணே, மெதுவாப் பேசுங்க. இது ரெண்டாவது அட்டாக்தான்னு தம்பி சொல்றான். எப்படியும் வந்திருக்குமாம். நாம வாயை விட்டா வைத்தியத்தை விட்டுட்டு போலீசைக் கூப்பிடுவாங்க. இவனுக்கும் பிள்ளைங்க இருக்குல்ல?"

"நீ பார்த்தியா இல்லையா?"

"பார்த்தேன்." அவள் கை என் கையை விடவில்லை. "நான்தானே கூட்டிட்டு வந்தேன். நான் எப்படிண்ணே இவனைச் சொல்லுவேன்? தூக்கி வளர்த்தவ நான்."

சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்துத் தம்பியின் கட்டைவிரலில் வைத்துக் காட்டினேன். அவன் பார்த்தான். அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"முறைப்படிதானேண்ணே எடுத்தேன்?"

"முறைப்படிதான் எடுத்தே. பாதியில உன் கை நின்னுச்சே, அப்ப விட்டிருக்கணும்."

"வளையம் தொடலியேண்ணே."

நானாக இருந்தாலும் தள்ளியிருப்பேன்.

"தலையை ஸ்கேன் எடுத்தா ஒண்ணும் தெரியாது. அடி கழுத்துல. அதை நாம சொன்னாத்தான் அவங்களுக்குத் தெரியும். உள்ள போய்ச் சொல்லு."

"அப்பா பேரு என்னண்ணே ஆகும்? இத்தனை வருஷத்துல ஒரு சொல் வந்ததில்ல நம்ம வீட்டுக்கு."

"அப்பா பேரைக் கொண்டுபோய் மாப்பிள்ளை கழுத்துமேல வைக்காதே. போ."

"போறேன். நானே சொல்றேன். கொஞ்சம் இருங்க, எப்படிச் சொல்றதுன்னு..."

அவன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். முழங்கால்மேல் கை வைத்து எழப்போகிறவன்போல இருந்தான், எழவில்லை. தங்கை அவன் தலையைத் தன் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவர்கள் இருவரையும் தாண்டி நான் வார்டுக்குள் போனேன்.

டாக்டர் இளம்பெண். மாப்பிள்ளையின் உள்ளங்காலைச் சாவியால் கீறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கால் அசையவில்லை. அவர் கண்கள் திறந்திருந்தன. என்னைப் பார்த்தார்.

"ஊசி கால்ல போடல. கழுத்துல. பின்பக்கம், நடுவுல" என்றேன். காகிதத்தைப் பிரித்து ஊசியைக் கொடுத்தேன். "இந்த வளையம்வரைக்கும்."

அவள் ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறாரு இவரு. அதோட கழுத்துல ஊசியா? யாரு போட்டது?"

"என் தம்பி. வெளியில இருக்கான்."

"நான் எத்தனை தடவை கேட்டேன். ஏன் சொல்லல?"

"இப்பச் சொல்றேன்."

"இது இப்பச் சொல்ற விஷயம் இல்லைங்க" என்று சொல்லிவிட்டு, கட்டிலின் சக்கரப் பூட்டைக் காலால் தட்டிவிட்டு, ஆட்களைக் கூப்பிட்டாள். என் முன்னால் நின்று அப்படிப் பேசியவர்கள் அதுவரை இல்லை. சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டேன்.

கழுத்தை ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளே ரத்தம் கட்டித் தண்டுவடத்தை நெருக்கிக்கொண்டிருந்தது. உடனே அறுவை செய்தார்கள். எங்களை ஒரு சிறிய அறையில் உட்காரச் சொன்னார்கள். நான்கு நாற்காலி, ஒரு காலண்டர். தங்கையின் மகன் மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு, "கழுத்துல ஏன் ஆபரேஷன்? அடைப்பு தலையிலதானே?" என்று முதலில் தம்பியையும் பிறகு தன் அம்மாவையும் கேட்டான். தம்பி தரையைப் பார்த்தான். தங்கை, "இரு, டாக்டர் வரட்டும்" என்றாள். நான் சொல்லியிருப்பேன். பெற்றவள் சொல்லட்டும் என்று இருந்தேன்.

அறுவை செய்தவர் வந்தார். "உயிருக்கு இப்போதைக்கு ஆபத்தில்லை. மூச்சு மெஷின்ல போய்க்கிட்டிருக்கு. கைகால் திரும்பும்னு நான் சொல்ல மாட்டேன்."

"சீக்கிரமாத்தானே சார் கொண்டுவந்தோம்?" என்றான் தங்கையின் மகன்.

"கொண்டுவந்தது சீக்கிரம்தான். கழுத்துல ஊசி போட்டது அப்பவே தெரிஞ்சிருந்தா வேற மாதிரி இருந்திருக்கலாம்."

அவர் போன பிறகு பையன் எங்கள் ஒவ்வொருவராகப் பார்த்தான். "யாருக்குத் தெரியும் இது?"

நான் நடந்ததைச் சொன்னேன், கூட்டாமல் குறைக்காமல். பையன் தம்பியின் சட்டையைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்துச் சுவரில் சாத்தினான். காலண்டர் கீழே விழுந்தது. "கால்லன்னா சொன்னே? கால்லன்னா சொன்னே நீ?" சின்ன மாமா என்றுதான் கூப்பிடுவான், அந்தச் சொல் அன்றோடு போயிற்று. தம்பி தடுக்கவில்லை. நான் இருவருக்கும் நடுவே கையை நுழைத்தேன். அப்போதுதான் அவன் திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தான்.

"நீ உள்ளதானே இருந்தே?"

தங்கை தலையசைத்தாள்.

"டாக்டர் கேட்டப்ப நீ பக்கத்துலதானே நின்னே?"

"என் தம்பிடா..."

"அவரு உனக்கு யாரு?"

பையன் மருந்துப் பையை நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே போனான். அவள் குனிந்து விழுந்த காலண்டரை எடுத்து, ஆணியில் மாட்டப் பார்த்தாள். கை எட்டவில்லை. நான் வாங்கி மாட்டினேன்.

பிறகு விசாரணை வந்தது. விசாரித்தவர்களிடம் தம்பி எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டான்; அந்த மட்டில் சரி. வைத்தியம் செய்யும் அனுமதியை எடுத்துவிட்டார்கள். வழக்கு நடக்கிறது. இப்போது ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை பார்க்கிறான். எதிரில் வந்தால் என்னைப் பார்த்துத் தலையசைப்பான், பேசமாட்டான். வாசலில் இருந்த அப்பா பெயர் எழுதிய பலகையை, யாரும் வந்து இறக்கச் சொல்லும் முன் நானே ஏணி வைத்து இறக்கினேன். நடுங்குகிற கையோடு ஏறாதீர்கள் என்று தெருவில் ஒருவர் சொன்னார். எங்கள் பலகையை இன்னொருவர் இறக்க விடுவதாக இல்லை.

தங்கை பழைய வீட்டைக் காலி செய்துவிட்டு மகன் வீட்டுக்குப் போய்விட்டாள். பட்டறையும் மூடியாயிற்று. தெருவில் யாருக்கும் எங்கே போகிறோம் என்று சொல்லவில்லை. நான் விசாரித்துக்கொண்டு ஒருமுறை போனேன். மாடி வீடு. பையன் கதவைப் பாதி திறந்து, திறந்த இடத்தில் தானே நின்றுகொண்டான். உள்ளே மெஷின் ஒரே சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. தங்கையின் குரல் கேட்டது. "தலையைத் திருப்பாதீங்க, வாயைத் திறங்க, இன்னும் ஒரு கரண்டிதான்" என்று யாரையோ அதட்டுவதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தாள். பதில் இல்லை. இருந்தும் சற்று இடைவெளி விட்டு, பதில் வந்ததுபோல, "ஆமா, ரொம்பத்தான்" என்றாள்.

"உங்க மேல கோபம் இல்ல பெரிய மாமா. நீங்க சொல்லலேன்னா அன்னிக்கே போயிருப்பாரு, தெரியும். ஆனா உங்க வீட்டு ஆளுங்க யாரைப் பார்த்தாலும் அம்மா ரெண்டு நாளைக்குச் சாப்பிடறதில்ல" என்றான் பையன். "வராதீங்க."

நான் திரும்பிவிட்டேன். அழைக்காத வீட்டுக்குள் போகும் பழக்கம் எனக்கு இல்லை.

போன வாரம் தையல்கார அம்மாள் கடைத்தெருவில் என்னை நிறுத்தி, ஊரில் பேசுவதை என்னிடமே சொன்னாள். மாப்பிள்ளை எங்கள் நாற்காலியிலேயே இறந்துவிட்டாராம். வெறும் உடம்பை வேனில் ஏற்றிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் நாடகம் ஆடினோமாம். பிறகு ஒருவருக்கும் சொல்லாமல் காரியத்தை முடித்துவிட்டோமாம். கடைசியாக அந்தச் சத்தத்தைக் கேட்டவள் தான்தான் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள்.

மாப்பிள்ளை இறக்கவில்லை.